உயிரோடு இருப்பவரின் வாரிசு

கிங்ஸ்லி இறந்துபோன செய்தியை அவருடைய மகளுக்கு முதலில் சொன்னது வங்கிதான்.

காலையில் துறைமுகச் சாலையில் இருக்கும் தன் லாரி ஷெட்டில், டயர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருந்தார். டிரைவர் இசக்கி அவரைத் தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மனைவி ஷீபா தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். மகள் ஜோவிதா துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்தாள். ஆளில்லாமல் இயங்கும் பாரந்தூக்கிகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. இருவரும் இதயச் சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஷீபாவின் உதடுகள் ஜெபத்தில் அசைந்துகொண்டே இருந்தன.

ஜோவிதாவின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"என்னட்டி?" என்றாள் ஷீபா.

ஜோவிதா போனை அம்மாவிடம் நீட்டினாள்.

'உங்கள் தந்தை திரு. கிங்ஸ்லி அவர்களின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். அவருடைய கணக்குகள், வாகனங்கள், வீடு ஆகியவை அவர் விருப்பப்படி தங்கள் பெயருக்கு மாற்றப்பட்டுவிட்டன.'

ஷீபா போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். யாரோ ஒரு பெண் ஓடிவந்து அவளைத் தாங்கினாள். ஜோவிதா கண்ணாடிக் கதவைக் கையால் அடித்தாள். உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

அழுதுகொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. டாக்டரின் நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் முகம் சிரித்தது.

"ஏன் அழுறீங்க? பயமுறுத்திட்டார், அவ்வளவுதான். நெஞ்சு நின்னுபோச்சு. விடாம அமுக்கி, ஷாக் கொடுத்து, ஓட வச்சிட்டோம். இப்போ நல்லாத் துடிக்குது."

ஷீபா டாக்டரின் காலைத் தொடப் போனாள். அவர் விலகிக்கொண்டு, "வங்கியிலிருந்து மெசேஜ் வந்துடுச்சா?" என்று கேட்டார். ஜோவிதா தலையாட்டினாள். டாக்டர் எரிச்சலோடு கையை உதறினார். "எங்களைவிட அவங்களுக்குத்தான் அவசரம். கையில கட்டியிருக்கிற பட்டையைக் கழற்ற எங்களுக்கு நேரம் ஏது? போய் வங்கியில சொல்லிடுங்க."

எல்லோர் மணிக்கட்டிலும் இருக்கும் நாடிப்பட்டைதான் அது. சம்பளம் வாங்க, சாமான் வாங்க, துறைமுக வாசலைக் கடக்க எல்லாவற்றுக்கும் அதுதான். உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதும் அதுதான்.

அன்று சாயங்காலம் வரை ஷீபா சந்தோஷத்தில் மிதந்தாள். சபை ஆட்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். கான்டீனில் வாங்கிய காப்பியைப் பாதி குடித்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது.

"ஏட்டி, எனக்கு ஏன் மெசேஜ் வரல?"

ஜோவிதா டம்ளருக்குள் பார்த்தாள். "நெட்வொர்க் இல்லாம இருக்கும்மா."

"என் போன்ல நெட்வொர்க் இருந்துச்சே. சித்தி அப்போதானே பேசினா."

அந்த நேரம் பணம் கட்டும் இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். கிங்ஸ்லியின் மருத்துவக் காப்பீடு மத்தியானமே முடிந்துபோயிருந்தது. "காலமானவர்னு காட்டுதுங்க. காலமானவருக்கு நாளைக்கு ஆபரேஷன்னு நான் எப்படி எழுதுறது?" என்றாள் அங்கிருந்த பெண். ஜோவிதா தன் மணிக்கட்டை நீட்டிப் பணம் கட்டினாள். அப்பாவின் பணம் அவள் கையிலிருந்து போனது. ஷீபா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கு அடுத்த நாள் வங்கிக்குப் போனார்கள். அங்கே வாரிசுப் பிரிவைப் பார்த்துக்கொண்ட அதிகாரியின் பெயர் அருணாதேவி. கனிவான பெண். ஷீபாவின் கையைப் பிடித்து உட்காரவைத்து, "உங்க வீட்டுக்காரர் பிழைச்சதுல ரொம்ப சந்தோஷம்மா" என்றாள்.

"அப்போ எல்லாத்தையும் பழையபடி மாத்திருங்கம்மா" என்றாள் ஷீபா.

"அது முடியாதும்மா."

"ஏன் முடியாது? அவங்க உயிரோட இருக்காங்களே."

அருணாதேவி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "முன்னெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். வீட்டுல ஒருத்தர் போயிட்டா, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இவர் கையெழுத்து, அவர் கையெழுத்துன்னு அந்தம்மா வருஷக்கணக்கா அலையணும். அதுக்குள்ள மச்சினன் வந்து உக்காந்துக்குவான், பங்காளி கேஸ் போடுவான். அதுக்காகத்தான் இந்த உடனடி வாரிசுச் சட்டமே வந்துச்சு. நாடிப்பட்டையில துடிப்பு இல்ல, ஆஸ்பத்திரிக் கருவியிலயும் இல்லன்னா, உடனே கை மாறிடும். கண்ணீர் துடைக்கிறதுக்குள்ள பணம் உரியவங்க கைக்குப் போயிடணும்னு நெனச்சாங்க."

"சரி. செத்தவங்க திரும்பி வந்துட்டா?"

"அதையும் யோசிக்காம இல்லம்மா. திருப்பிக் கேக்கலாம்னு வச்சா, ஒவ்வொரு சாவுலயும் எவனாவது வந்து 'அவர் அப்போ சாகவே இல்ல'ன்னு கேஸ் போடுவான். பழைய கதையே திரும்பவும் ஆரம்பிச்சுடும். அதனால, போனது போனதுதான்னு வச்சுட்டாங்க. பிழைச்சு வந்தவர் புதுசாக் கணக்கு தொடங்கிக்கலாம். வாரிசு விருப்பப்பட்டா அன்பளிப்பாக் கொடுக்கலாம்."

"விருப்பப்படலன்னா?"

"விருப்பப்படலன்னா இல்லம்மா."

ஷீபா மகளைப் பார்த்துவிட்டு மறுபடி அதிகாரியிடம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "என் பேர்ல ஏதாவது எழுதியிருக்காங்களா? சின்னதா ஏதாவது?"

"இல்லம்மா. எல்லாமே மகளுக்குத்தான்."

"ஏதோ அவசரத்துல போட்டிருப்பாங்க. அவங்களுக்கு எப்பவும் ஓட்டம்தான்."

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் அருணாதேவி அதைச் சொல்லியிருக்க வேண்டும். "அவசரத்துல எல்லாம் செய்ய முடியாதும்மா. வாரிசே சம்மதம்னு விரலை வச்சாத்தான் பதிவாகும். யாருக்கும் தெரியாம யார் தலையிலயும் கட்ட முடியாது. உங்க மகளே வந்து வச்சிருக்காங்களே."

ஜோவிதா தரையைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது உப்பளங்கள் பக்கமாகக் கார் தானே ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன.

"எப்போ?" என்றாள் ஷீபா.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுலம்மா. அப்பாதான் கூட்டிட்டுப் போனாங்க. அம்மாவுக்கு எவ்வளவுன்னு நான் கேட்டேன். 'அம்மாவை நீ பாத்துக்குவேல்லா'ன்னாங்க. சரின்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்பா சொல்ல வேண்டாம்னாங்க." நாடிப்பட்டையைத் திருகிக்கொண்டே, "அதுமட்டும் இல்லம்மா. அப்பா என்னைப் பெரிய ஆளா மதிச்சு ஒரு காரியத்தைச் சொன்னாங்கன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. உன்னை நெனக்கவே இல்ல" என்றாள்.

ஷீபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சம்பளம் முழுக்க 'வீட்டுக் கணக்கு' என்று கிங்ஸ்லி சொல்லும் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. அவர் முதல் லாரி வாங்கியபோது அவளுடைய நகைகள்தான் முன்பணமாகப் போயின. அதையெல்லாம் அவள் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இப்போது அதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

கிங்ஸ்லி வீட்டுக்கு வந்தார். அதிர்ச்சி தரும் எதையும் கொஞ்ச நாளைக்குச் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? வந்த இரண்டாம் நாளே லாரிக்கு டீசல் போட இசக்கி போன் செய்தான். கிங்ஸ்லி பழக்கப்படி மணிக்கட்டைப் போனில் வைத்தார். 'இப்படி ஒரு கணக்கு இல்லை' என்றது அது.

ஜோவிதா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். "நல்ல வேளை, உன் பேர்ல போட்டேன். வேற எவன் பேர்லயாவது இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும், பாத்தியா?" என்றார். "சரி, திருப்பி அனுப்பிரு."

"அனுப்பிடலாம்பா. உடம்பு தேறட்டும்."

உடம்பு தேறியது. மனசு தேறவில்லை. ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். டாக்டர் நடக்கச் சொன்னது காலையில் கொஞ்ச நேரம். இவர் நாள் முழுக்க நடந்தார். உட்கார்ந்தால் கால் ஆடியது. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் துறைமுகத்துக்குப் போனார். வாசலில் கம்பம் தூக்கவில்லை. அவரைப் பல வருஷமாகத் தெரிந்த காவலர் எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க காலமாயிட்டீங்கன்னு காட்டுது. நான் என்ன செய்ய?" என்றார். கிங்ஸ்லி வெயிலில் நின்றார். அவருடைய லாரி ஒன்றே அவரைத் தாண்டி உள்ளே போனது.

முடிவெட்டப் போக வேண்டும் என்று மகளிடம் பணம் கேட்டார். அடுத்து ஒரு ஜோடிச் செருப்புக்குக் கேட்டார். மூன்றாம் முறை சபையில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குச் செய்ய வேண்டும் என்று கேட்டபோது, போனிலிருந்து தலையைத் தூக்காமலே ஜோவிதா, "எதுக்குப்பா அவ்வளவு?" என்றாள்.

அந்தக் கேள்வி, அந்த இழுப்பு, தலையைத் தூக்காத அந்த விதம் எல்லாம் கிங்ஸ்லியுடையவை. ஷீபா சேலை வாங்கவோ அண்ணன் மகளுக்குச் சீர் செய்யவோ கேட்ட ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது அதுதான். மூன்று பேருக்குமே அது புரிந்தது. ஜோவிதாவின் முகம் சிவந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஷீபா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கிங்ஸ்லி அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"நீயும் அவளும் சேந்து என்ன பண்ணுதீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே."

"அவ ஏன் இழுத்தடிக்கா? நீதான் சொல்லிக்கொடுத்திருக்க. எனக்குத் தெரியாதா?"

"ஆமா. கொஞ்சம் பொறுத்துக் கொடுன்னு நான்தான் சொன்னேன்."

அவள் இவ்வளவு நேராக ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "என் பணத்தை எனக்குக் கொடுக்க நீ யாருட்டி பொறுத்துக்கோன்னு சொல்ல?"

"என் சம்பளம் எந்தக் கணக்குக்குப் போகுது?"

"வீட்டுக் கணக்குக்கு."

"அது யாரு பேர்ல இருந்துச்சு?"

ஷீபா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். மூடி சரியாக உட்காரவில்லை. எடுத்துத் திரும்ப மூடினாள்.

"உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எனக்கு ஒரு ஓரத்துல, ஒரு சின்னக் கணக்குலயாவது பேர் போடணும்னு ஏன் தோணல?"

"அது அப்படி இல்ல, ஷீபா. உன்கிட்ட இருந்தா உங்க அண்ணன் வந்து கண்ணைக் கசக்குவாரு. நீ தூக்கிக் கொடுத்துருவ. உனக்கு இளகின மனசு. ஜோவிதா உறுதியானவ. அவ உன்னைக் கடைசி வரைக்கும் நல்லாப் பாத்துக்குவா. உனக்கு எதுக்கு வீணாத் தலைவலின்னுதான்."

"பாத்துக்குறதுக்கு நான் என்ன நாய்க்குட்டியா?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அன்னைக்குத் திரும்பி வரலன்னு வைங்க" என்றாள் ஷீபா. அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்க படத்தை மாட்டி, 'எவ்வளவு நல்ல மனுஷன், எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிவச்சிட்டுப் போயிட்டாங்க'ன்னு சபையெல்லாம் சொல்லியிருப்பேன். பிள்ளைகிட்ட கை நீட்டிக்கிட்டே சொல்லியிருப்பேன்."

"செத்த பிறகு தெரியவேண்டிய விஷயம் இது. இப்படி நடந்துபோச்சு."

"அப்போ தெரிஞ்சா என்கூடச் சண்டைபோட நீங்க இருக்க மாட்டீங்க. அதானே?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கிங்ஸ்லி அன்று முழுக்க நடக்கவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் கடைசியாகச் சொன்னதில் பொய் இல்லை. தான் இல்லாத ஒரு நாளுக்காகத்தான் அவர் அத்தனையையும் யோசித்து யோசித்து ஏற்பாடு செய்திருந்தார். அந்த நாளில் ஷீபாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவர் ஒருதரம்கூட நினைத்துப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியிருக்காது என்றுதானே இருந்தார். இப்போது தினமும் மூன்று வேளை அந்த முகத்தின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அது கோபமாகக்கூட இல்லை. சாதாரணமாக, "இன்னும் கொஞ்சம் சொதி ஊத்தவா?" என்று கேட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜோவிதா இருவரையும் கிளம்பச் சொன்னாள். "வங்கிக்குப் போறோம்" என்றாள். யாரையும் கலந்து பேசவில்லை.

அருணாதேவி முன்னால் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தாள். ஜோவிதா நடுவில் உட்கார்ந்தாள். "ரெண்டு புதுக் கணக்கு. அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் சரிபாதியாப் பிரிச்சிடுங்க. வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கட்டும். லாரியும் ஆளுக்கு ரெண்டு."

"லாரியுமா?" என்றார் கிங்ஸ்லி, தன்னை அறியாமல்.

"முதல் லாரி அம்மா நகையில வந்ததுதானேப்பா?"

அவர் கையை நாற்காலிப் பிடியில் தட்டிக்கொண்டிருந்தார். "உனக்கு ஒண்ணும் வச்சுக்கலியா?"

"எனக்குச் சம்பளம் வருது." அவள் அம்மாவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "எதுக்குப்பான்னு அன்னைக்கு உங்ககிட்ட கேட்டேன்ல? அப்போ என் குரல் எனக்கே பிடிக்கல. இது என் கையில இருந்தா நான் அப்படியே ஆயிடுவேன்."

விரல் வைத்தார்கள். பணம் பிரிந்தது. சத்தமே இல்லாமல், ஒரு நொடியில். பிறகு அருணாதேவி ஷீபாவிடம் கேட்டாள். "உங்க வாரிசா யாரைப் போடட்டும்மா?"

கிங்ஸ்லி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரையும் போட வேண்டாம்" என்றாள் ஷீபா.

"போடலன்னா உடனடியா மாறாதும்மா. பழைய மாதிரிதான். சான்றிதழ் வாங்கணும், நீதிமன்றம் போகணும். வீட்டுக்காரரும் மகளும் அலையணும். ரொம்ப நாள் ஆகும்."

"அலையட்டும். ரெண்டு பேரும் சேந்து அலையட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

ஜோவிதா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷீபா மகளின் முதுகில் கைவைத்தாள். காரில் போன அந்த நாளுக்குப் பிறகு அவள் மகளைத் தொட்டது அப்போதுதான்.

"சார், உங்களுக்கு?" என்றாள் அருணாதேவி.

கிங்ஸ்லி தொண்டையைச் செருமினார். "என் மனைவி பேரைப் போடுங்க. முழுசும்." சொல்லிவிட்டு ஷீபாவின் பக்கம் திரும்பினார். ஏதோ ஒன்றைச் சரிசெய்துவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது.

ஷீபாவின் போன் அதிர்ந்தது. 'திரு. கிங்ஸ்லி உங்களை வாரிசாக நியமித்துள்ளார். சம்மதமா?' என்று கேட்டது. அவள் அதைப் படித்தாள். விரல் வைக்க இரண்டு கட்டங்கள் இருந்தன, சம்மதம் என்று ஒன்று, மறுப்பு என்று ஒன்று. எதையும் தொடாமல் போனைப் பைக்குள் போட்டாள்.

"வீட்டுல போய்ப் பாக்கேன்" என்றாள்.

வீட்டில் பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. புதுக் கணக்கு தொடங்கியதும் கிங்ஸ்லியின் பெயர் உயிருள்ளவர்கள் பட்டியலுக்குத் திரும்பிவிட்டது. துறைமுக வாசலில் கம்பம் தூக்கியது. காவலர் கைகுலுக்கி இனிப்பு கேட்டார். ஆனால் போனைத் திறக்கும்போதெல்லாம் கணக்கின் கீழே ஒரு வரி நின்றது: 'வாரிசின் பதிலுக்குக் காத்திருக்கிறது.' காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்த்தார். லாரி ஷெட்டில் கணக்குப் பார்க்கும் நடுவிலும் பார்த்தார். அவள் மறுத்திருந்தால்கூடப் போய்ச் சண்டை போடலாம். அவள் மறுக்கவும் இல்லை.

அவளும் மாறித்தான் போயிருந்தாள். தன் பங்கு லாரிகள் இரண்டையும் இசக்கியிடம் மாத வாடகைக்கு விட்டாள். அவள் அப்படிச் செய்தது கிங்ஸ்லிக்கு இசக்கி சொல்லித்தான் தெரிந்தது. அண்ணன் வந்து உதவி கேட்டபோது, பாதியைக் கொடுத்துவிட்டு, மீதி முடியாது என்று சொல்லி அனுப்பினாள். அதையும் கிங்ஸ்லி அறைக்குள்ளிருந்து கேட்டார். அவர் நினைத்திருந்த இளகின மனசு அதில் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தார்.

டாக்டர் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார். வேறு நிலையத்துக்குப் போகலாம் என்று நினைத்தவர், கடைசியில் ஷீபா வேலை செய்யும் இடத்துக்கே வெறும் வயிற்றோடு போனார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை. ஷீபா அவரைப் பார்த்து ஆச்சரியப்பட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. மற்றவர்களைப் போலவே அவரையும் வரிசையில் உட்காரச் சொன்னாள். முறை வந்ததும் நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைக் கையை மேலே ஏற்றி, ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள். அவள் விரல்கள் அவர் முழங்கையின் உட்புறத்தைத் தட்டி நரம்பைத் தேடின. அவள் இந்த வேலையைச் செய்து அவர் பார்த்ததே இல்லை. வேகமாகவும் உறுதியாகவும் இருந்தது.

ஊசி ஏறியபோது கிங்ஸ்லி கேட்டுவிட்டார். "நீ ஏன் இன்னும் சம்மதம் கொடுக்கல?"

"ஆடாதீங்க."

ரத்தம் குழாயில் ஏறியது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"என் மேல இன்னும் கோவமா?"

"கோவம் இருக்கு. ஆனா அதுக்காக இல்ல." ஷீபா ஊசியை உருவிவிட்டு அந்த இடத்தில் பஞ்சை வைத்தாள். "தினமும் அதை எடுத்துப் படிச்சுப் பாக்கேன். உங்க நெஞ்சு நின்னாத்தான் எனக்கு எல்லாம் வரும்னு இருக்கு. அதுக்குச் சம்மதமான்னு கேக்குது. அதுக்கு எப்படிங்க நான் சம்மதம்னு சொல்ல? அந்த வராந்தாவுல நான் உக்காந்திருந்ததை நீங்க பாக்கல."

கிங்ஸ்லி பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"செத்த பிறகு கொடுக்கிறது எனக்கு வேண்டாம். கொடுக்கணும்னு இருந்தா இருக்கும்போதே கொடுங்க."

"பணம்தான் உன்கிட்ட பாதி இருக்கே. இனி நான் என்ன கொடுக்க?" அவர் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். பிறகு, அந்தக் கேள்வி சரியில்லை என்று அவருக்கே பட்டது. வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார். "உனக்கு என்னதான் வேணும், ஷீபா?"

அடுத்த ஆள் வாசலில் வந்து நின்றார். ஷீபா அவரை உட்காரும்படி கையைக் காட்டினாள். குழாயில் கணவரின் பெயரை எழுதி ஒட்டினாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியலியே" என்றாள். "யோசிச்சுத்தான் சொல்லணும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."